சிவப்புக்குள் முப்பத்தைந்து

டீக்கடைப் பலகையில் 'சூடான வடை' என்று சாக்பீஸால் எழுதியிருந்து, உள்ளே தட்டு காலியாக இருந்தால் அவருக்குப் பொறுக்காது. டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போய்ப் பலகையைத் திருப்பி வைத்துவிடுவார். கடைக்காரர் இரண்டு நாள் முறைத்துப் பார்த்தார். மூன்றாம் நாள் இவரே விளக்கம் சொன்னார். "அண்ணாச்சி, உள்ள வடை இல்ல. வெளிய இருக்குன்னு சொல்லுது. ரெண்டுக்கும் ஒரு கட்டு வேண்டாமா?" கடைக்காரர், "உமக்கு வேற சோலி கெடையாதா வே" என்று சிரித்துவிட்டார். அதற்குப் பிறகு கடைசி வடை விற்றதும் எங்கள் மாடியைப் பார்த்துக் குரல் கொடுப்பார். "வே, வடை தீந்துட்டு, வந்து பலகையத் திருப்பும்."

பாளையங்கோட்டையில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே இருந்தது எங்கள் ஆபீஸ். முதலாளியையும் சேர்த்து ஒன்பது பேர். ஆஸ்பத்திரி, அரிசி ஆலை, நூல்மில் என்று கேட்கிறவர்களுக்கு, கம்ப்யூட்டரில் ஏற்றி ஓட்டுகிற புரோகிராம் செய்து கொடுப்போம். அவர் எழுதுவார். எழுதியதை உடைத்துப் பார்க்கிற வேலை என்னுடையது. நான் கையெழுத்துப் போட்டால்தான் புரோகிராம் மாடிப்படி இறங்கும். என்னைவிட இரண்டு வயது மூத்தவர், அதனால் எனக்கு அண்ணன். அவருக்கு நான் டெஸ்டரம்மா. இத்தனைக்குப் பிறகும் 'அவர்' என்றுதான் எழுத வருகிறது. பழக்கதோஷம்.

அந்தக் 'கட்டு' என்கிற சொல் அவருடையது. நாங்கள் எல்லோரும் பைண்டிங் என்போம். கம்ப்யூட்டருக்கு உள்ளே தகவல் ஓரிடத்தில் இருக்கும், அதற்கு மாடல் என்று பேர். திரையில் நீங்கள் பார்க்கிற பெட்டி, பட்டன், பட்டியல் எல்லாம் கண்ட்ரோல். இரண்டையும் சேர்த்துக் கட்டிவிட்டால் உள்ளே மாறுவது திரையில் தானாக மாறும், திரையில் மாற்றினால் உள்ளேயும் மாறும். அவ்வளவுதான் விஷயம். ஆனால் கட்டு சரியில்லை என்றால் புரோகிராம் நின்றுபோகாது, மணி அடிக்காது. பெட்டி காலியாக நிற்கும், இல்லாவிட்டால் பழைய எண்ணையே பிடித்துக்கொண்டு சாதுவாக உட்கார்ந்திருக்கும். பார்க்கிறவருக்கு எல்லாம் ஒழுங்காக இருப்பதுபோலத்தான் தெரியும். அதனால் அவர் திரையின் அடியில், கட்டுகளைப் பற்றிய செய்திகள் ஓடுகிற சின்ன ஜன்னலை எப்போதும் திறந்தே வைத்திருப்பார். மற்றவர்கள் அதை மூடிவிட்டு வேலை பார்ப்போம். அவர் வரிவரியாகப் படிப்பார்.

ஒரு தடவை, வேறு யாரோ எழுதிக் கொடுத்திருந்த ஆஸ்பத்திரி டோக்கன் புரோகிராமைப் பார்க்கப் போய்விட்டு வந்து, மத்தியானம் சாப்பாட்டைத் தொடவில்லை. டாக்டர் இருபத்திரண்டாவது ஆளைப் பார்த்துக்கொண்டிருக்க, வெளியே திரையில் பதினாலிலேயே நின்றிருக்கிறது. பதினைந்தாம் டோக்கனைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பெரியவர் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தாராம்.

"உள்ள மாறிட்டு. ஆனா மாறிட்டேன்னு வாயத் தொறந்து வெளிய சொல்லல. அந்த மனுசன் திரைய நம்பி அங்கனயே உக்காந்திருக்காரு, டெஸ்டரம்மா. யார்ட்டயும் கேக்கக்கூட இல்ல."

அந்த ஞாயிற்றுக்கிழமையே போய், கூலி கேட்காமல் சரிசெய்து கொடுத்துவிட்டு வந்தார். பாபநாசம் போர்டு போட்டுக்கொண்டு, அங்கே போகாமல் அம்பாசமுத்திரத்தோடு திரும்புகிற பஸ்ஸில் கண்டக்டரோடு சண்டை போட்டு, போர்டை மாற்ற வைத்துவிட்டுத்தான் இறங்கியிருக்கிறார். ஆபீஸ் சுவர்க்கடிகாரம் நின்றுபோனால் பேட்டரி வாங்கி வரும்வரைக்கும் காத்திருக்க மாட்டார், உடனே கழற்றி மேஜைக்குள் வைத்துவிடுவார். ஓடாத கடிகாரம் சுவரில் தொங்கக்கூடாது. எங்களுக்கெல்லாம் இது ஒரே கேலி. ஆனால் கேலிக்கு அடியில் ஒரு தைரியம் இருந்தது. இந்த ஆள் செய்ததில் பொய் இருக்காது என்று எல்லோரும் நம்பினோம். நான் கொஞ்சம் கூடுதலாகவே நம்பினேன்.

முகமும் அப்படித்தான். கோபம் வந்தால் காது சிவந்துவிடும், சந்தோஷம் என்றால் உதடு மூடாது. யாருடைய பிறந்தநாளுக்காவது ரகசியமாகக் கேக் வாங்கினால் அவரிடம் மட்டும் சொல்ல மாட்டோம், அவர் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்கள். உள்ளே ஒன்று வைத்து வெளியே ஒன்று பேசுகிறவர்களையே பார்த்து வளர்ந்த எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது.

தசராவுக்குக் குலசேகரன்பட்டினம் முத்தாரம்மனுக்கு வருஷம் தவறாமல் மாலை போடுவார். நேர்ந்துகொண்டது கரடி வேஷம். கறுப்புச் சடை உடுப்பும் பெரிய கரடித் தலையுமாக, குழுவோடு ஊர் ஊராகக் காணிக்கை வாங்க வருவார். ஒரு வருஷம் சேரன்மாதேவியில் எங்கள் தெருவுக்கு வந்தபோது அம்மாவுக்கு ஆள் தெரியவில்லை. தட்டில் காணிக்கையைப் போட்டுக் கும்பிட்டுவிட்டாள். கரடி தலையைக் கழற்றி, "அம்மா, கூட்டாஞ்சோறு இருக்கா?" என்று கேட்டது. அம்மாவுக்குச் சிரிப்பு அடங்கவே இல்லை. விரதச் சாப்பாட்டுக்கென்று தனியாக உலை வைத்துக் கூட்டாஞ்சோறு ஆக்கிப் போட்டாள். அதிலிருந்து சேரன்மாதேவி பக்கம் எந்த வேலையாக வந்தாலும் எங்கள் வீட்டில்தான் அவருக்குச் சாப்பாடு. அம்மாவுக்கு நான் ஒரே பிள்ளை, அப்பா இல்லை. "அந்தத் தம்பி" என்று சொல்லும்போது அம்மா குரலே மாறும்.

அம்மாவுக்கு நூல்மில்லில் வேலை. பேர் வேண்டாம், அந்தப் பக்கத்தில் ஒரு தனியார் மில். சுற்றுகிற கோனில் நூல் அறுந்தால் முடிச்சுப் போட்டு ஓட்டுவது, எட்டு மணி நேரமும் நின்றபடி. பதினேழு வருஷமாக நின்றாள். நூல் அறுபடாமல் இருக்க மில்லுக்குள் ஈரக்காற்று ஓட வேண்டும். கரண்டு மிச்சம் என்று அந்த ஈரக்காற்று மெஷினைப் பாதி அணைத்து வைத்துவிடுவார்கள். சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே ஆட்கள் மயங்கி விழுந்தார்கள். தொழிலாளர்கள் விடாமல் கேட்டுக் கேட்டு ஓர் ஏற்பாட்டுக்கு மில்லைச் சம்மதிக்க வைத்தார்கள். சூடு எவ்வளவு என்று எல்லோருக்கும் தெரிகிற மாதிரி சூப்பர்வைசர் உட்காருகிற கண்ணாடி அறையில் ஒரு திரை. முப்பத்தாறு டிகிரியைத் தாண்டினால் பெட்டி சிவக்கும். சிவந்தால் அரை மணி நேரம் மெஷினை நிறுத்தி ஆட்களை வெளியே விட வேண்டும்.

அந்தத் திரைக்கான புரோகிராம் எங்களிடம் வந்தது. அவர் ஆசையாகவே செய்தார். "அம்மா வேல பாக்கிற இடம்லா" என்றார். நானும் விடவில்லை. இருபது கொடுத்துப் பார்த்தேன், முப்பத்தாறு கொடுத்தேன், முப்பத்தாறு புள்ளி ஒன்று கொடுத்தேன், ஐம்பது கொடுத்தேன். கொடுத்த எண் அப்படியே திரையில் வந்தது, சிவக்க வேண்டிய இடத்தில் சிவந்தது. கையெழுத்துப் போட்டேன். திரையை மாட்டிய அன்று அம்மா வீட்டுக்கு வந்து, "ஏட்டி, அந்தத் தம்பி போட்ட டி.வி. ரெண்டு தடவ செவந்து எங்கள வெளிய விட்டுட்டு" என்று சொல்லி மோரைக் குடித்தாள்.

பத்து நாள் கழித்து, திருத்தம் என்று ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டினார். "எழுத்தப் பெருசாக்கியிருக்கேன். தூரத்துல உள்ளவங்களுக்குத் தெரியலையாம். ஒரு கையெழுத்துப் போடு." போட்டேன். புரோகிராமைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. யார் எழுதியதையும் நம்பாதே என்பதுதான் என் வேலையின் முதல் பாடம். அந்த ஒருத்தருக்கு மட்டும் நான் விலக்கு வைத்திருந்தேன். இதில் என் தப்பு எவ்வளவு என்று எனக்குத் தெரியும், யாரும் சொல்லித்தர வேண்டாம்.

வைகாசியில் ஒரு மத்தியானம் அம்மா கோனிலேயே சாய்ந்துவிட்டாள். நெற்றியில் நாலு தையல். மில்லிலிருந்து ஒரு கடிதம் வந்தது. சம்பவ நேரத்தில் சூடு 35.3 டிகிரி, அனுமதித்த அளவுக்குள்தான் இருந்தது, ஆகவே தொழிலாளியின் உடல் இந்த வேலைக்குத் தகுதியாக இல்லை என்று கருதுகிறோம், இனி வரவேண்டியதில்லை. திரையைப் படம் பிடித்துக் கடிதத்தோடு வைத்திருந்தார்கள்.

எனக்கு ஆத்திரம் வந்தது, அம்மாவுக்கு வரவில்லை. "திரையில முப்பத்தஞ்சுன்னுதாம்ட்டி இருந்துது. நானே பாத்தேன். எனக்கு மட்டும் காது வழியா அனல் அடிக்க மாதிரி இருந்துது. கூட நின்னவளுவளும் திரையப் பாத்துட்டு சும்மா நின்னாளுவ. உடம்புதான் போயிட்டு போல" என்றாள். பதினேழு வருஷமாக அந்தச் சூட்டை உடம்பால் அளந்தவள். அன்றைக்குத் தன் உடம்பு சொன்னதை நம்பாமல் திரையை நம்பினாள். அந்தத் தம்பி போட்ட திரை.

அவர் பார்க்க வந்தார். ஆரஞ்சும் ஒரு சத்துமாவு டப்பாவும் வாங்கி வந்திருந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "உடம்பப் பாத்துக்கோங்கம்மா. வயசாகுதுல்லா" என்றார். காது சிவக்கவில்லை. முகம் முகமாகவே இருந்தது. அம்மா அந்த நிலைமையிலும், "ஏட்டி, தம்பிக்கு சோறு போடு" என்றாள். இருந்து, நல்ல ரசம் என்று சொல்லிச் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்.

அம்மா மூலையில் ஒடுங்கிவிட்டாள். தண்ணீர்க் குடம் தூக்கப் பயந்தாள், மாடிப்படி ஏறப் பயந்தாள். இந்த வீட்டில் அடுத்து என்னமும் ஆகிவிடும் என்று எனக்குத் தெரியாமல் சாமிக்கு நேர்ந்துகொண்டாள்.

ஒரு மாதம் கழித்து மில்லில் பழைய கம்ப்யூட்டரை மாற்றுகிறார்கள் என்று என்னை அனுப்பினார்கள். பழையதில் சேர்ந்திருக்கிற அளவுகளையெல்லாம் பென்டிரைவில் எடுத்துப் புதியதில் ஏற்ற வேண்டும். ஏற்றி முடித்துவிட்டு, சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க, பழைய அளவுகளின் பட்டியல் இருக்கிற பக்கத்தைத் திறந்தேன். அதை மில்லில் யாரும் திறப்பதில்லை. சர்வீசுக்குப் போகிறவர்களுக்கான பக்கம் அது.

வரிசையாக முப்பத்தைந்துகள். 35.1, 35.8, 35.4. கீழே காலை நேரத்து முப்பத்துமூன்று, முப்பத்திரண்டு. முப்பத்தைந்துகளில் முக்கால்வாசி சிவப்பாக இருந்தன.

முப்பத்தாறைத் தாண்டினால்தான் சிவக்க வேண்டும். அந்தச் சோதனையைச் செய்தவளே நான்தான். முப்பத்தைந்துக்கு எப்படிச் சிவப்பு வரும்? கண்ணாடி அறைக்கு வெளியே பெண்கள் முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு நின்றார்கள். நான் அந்த நாற்காலியிலேயே வியர்த்துப்போய் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் காலை ஆபீஸுக்கு வந்ததும் அவர் எழுதியதைத் திறந்து பார்த்தேன். கட்டுக்கு நடுவில் கன்வெர்ட்டர் என்று ஒன்றை வைக்கலாம். உள்ளே எண்ணாக இருக்கிற மாதத்தை வெளியே சித்திரை, வைகாசி என்று காட்டுவதற்கெல்லாம் வைப்போம். நல்ல காரியத்துக்கு உள்ள சாமான்தான். மில் புரோகிராமில் அவர் வைத்திருந்தது நாலு வரி. முப்பத்தாறுக்கு மேல் எது வந்தாலும் முன்னால் முப்பத்தைந்து என்று போடு, புள்ளிக்குப் பின்னால் உள்ளதை அப்படியே விடு. எப்போதும் ஒரே எண் நின்றால் சந்தேகம் வருமே, அதற்காக. ஆட்கள் பார்க்கிற பக்கத்தில் எண்ணும் நிறமும் இரண்டுமே இந்த நாலு வரிக்குள் நுழைந்துதான் வெளியே வந்தன. பட்டியல் பக்கத்தில் எண் மட்டும் நுழைந்து வந்தது, நிறம் நேராக மாடலோடு கட்டப்பட்டிருந்தது, அதனால் உள்ளே இருக்கிற நிஜ எண்ணுக்கே சிவந்தது.

படித்ததும் எனக்குக் கோபத்துக்கு முன்னால் வந்தது என்ன தெரியுமா? ஒரு நப்பாசை. அவரா மறப்பார்? மேலிடத்தில் நெருக்கியிருப்பார்கள், செய்திருப்பார், ஆனால் யாராவது ஒருத்தர் கண்ணில் படட்டும் என்று அந்தச் சிவப்பை வேண்டுமென்றே விட்டிருப்பார். அந்தப் பக்கத்தைத் திறக்கிறவள் நான்தானே. எனக்காகவே விட்டிருப்பார். பதினொரு மணி டீக்குக் கீழே இறங்குகிறவரைக்கும் இதையே சொல்லிச் சொல்லி மனதைத் தேற்றிக்கொண்டேன்.

"அண்ணே, மில்லு புரோகிராம்ல ஒரு கன்வெர்ட்டர் இருக்கு."

டீயை ஆற்றினார். "ஆமா."

"யாரு வைக்கச் சொன்னா?"

"மில்லுல கேட்டாங்க. முதலாளி செஞ்சு குடுன்னாரு. மாடல்ல கை வைக்க மாட்டேன்னு நான் சொல்லிட்டேன், பாத்துக்கோ. உள்ள இருக்கது ஒரு புள்ளி மாறல. இது ஒரு வேஷம் மாதிரிதான். கரடித் தலைய மாட்டுனாலும் உள்ள நான்தான இருக்கேன்?"

"எங்கம்மா வெளிய நின்னுல்லா பாத்தா."

டம்ளரில் மீதி இருந்த டீயைக் குடித்தார். அப்போதும் நான் அதைக் கேட்டேன். "அந்தப் பட்டியல் பக்கத்துல செவப்ப மட்டும் நேரா மாடலோட கட்டியிருக்கியளே. வேணும்னுதான விட்டிய?"

அப்போதுதான் அவர் காது சிவந்தது.

"அங்கன விட்டுப்போச்சா? ச்சே. எப்படி விட்டேன்?" என்று நெற்றியில் தட்டிக்கொண்டார். உள்ளபடியே வெட்கப்பட்டார். "நல்லவேள, நீ பாத்த. மில்லுல உள்ளவன் எவனாச்சும் பாத்திருந்தா என்ன ஆயிருக்கும்? இன்னைக்கே சரி பண்ணிருதேன்."

எழுந்தார். வடைத் தட்டு காலியாக இருந்தது. போகிற போக்கில் பலகையைத் திருப்பி வைத்துவிட்டு மாடிப்படி ஏறினார்.

அன்றைக்கு நான் அழுதது அம்மாவுக்காக இல்லை. அழுதேன் என்று சொல்லவும் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஒரு ஆளை உள்ளும் வெளியும் ஒன்று என்று இத்தனை நாள் நினைத்திருந்தேனே, அந்த என்னுடைய மடத்தனத்துக்காக அழுதேன்.

பென்டிரைவில் இருந்த அளவுகளைத் தாளில் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அவர் சொன்னது உண்மைதான், மாடலில் அவர் கை வைக்கவில்லை. அம்மா விழுந்த நாளையும் நேரத்தையும் தேடி விரலை வைத்துக் காட்டினேன். 40.3.

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தாள். "நாப்பதா?"

"நாப்பது புள்ளி மூணும்மா."

"அப்ப எனக்கு ஒண்ணும் இல்லியா?" என்றாள். நெற்றித் தழும்பைத் தடவிக்கொண்டே மறுபடியும் கேட்டாள். "எனக்கு ஒண்ணும் இல்லியாட்டி?" கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இது அந்தத் தம்பிக்குத் தெரியுமா?" என்றாள்.

"தெரியும்மா."

"எப்பலேந்து?"

"ஒன்னயப் பாக்க வந்தப்பவே."

அம்மா தாளை மடித்து என்னிடம் கொடுத்துவிட்டு எழுந்து போய்க் குடத்தைத் தூக்கித் தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்தாள்.

தாள்களைத் தொழிலாளர் சங்கத்தில் கொடுத்தேன். அவர்கள் கேட்டதும் மில் எங்கள் முதலாளியைக் கூப்பிட்டது, முதலாளி எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு போனார். புரோகிராமில் ஒரு கோளாறு இருந்திருக்கிறது, சோதனையில் விட்டுப்போயிருக்கிறது என்று முதலாளி சொன்னார். திருத்தத் தாளை எடுத்து மேஜையில் வைத்தார். அடியில் என் கையெழுத்து. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் அவரைப் பார்த்தேன். ஒரு வார்த்தை, 'அது கோளாறு இல்லை, நான் வைத்தது' என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். மேஜையில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார். அம்மாவை வேலைக்குத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள், கன்வெர்ட்டரை எடுத்துவிட்டார்கள், கவனக்குறைவு என்று சொல்லி என்னை ஆபீஸிலிருந்து அனுப்பிவிட்டார்கள்.

இப்போது கோயம்புத்தூரில் இதே வேலைதான் பார்க்கிறேன். யாருடைய தாளிலும் திறந்து பார்க்காமல் கையெழுத்துப் போடுவதில்லை. கடுகடுப்பானவள் என்று பேர் வாங்கியிருக்கிறேன், இருக்கட்டும்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். டீக்கடையில் பேசிய மறுநாள் காலை, திருத்தங்களின் பட்டியல் வழக்கம்போல எல்லோருக்கும் வந்தது. அதை எப்போதும் அவர்தான் எழுதுவார். யார் கண்டுபிடித்தார்களோ அவர்கள் பேரை மறக்காமல் போடுவார், அந்த விஷயத்தில் அவரைக் குறை சொல்ல முடியாது. அன்றைக்கு ஒரே ஒரு வரிதான் இருந்தது.

'பட்டியல் பக்கத்தில் தவறாகச் சிவப்பு வருகிறது. சரிசெய்யப்பட்டது.' அதற்கு நேரே, கண்டுபிடித்தவர் என்ற இடத்தில், இனிஷியல்கூட விடாமல் என் பேர்.